பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில்

காலை ஆறு ஐம்பது. விஸ்வநத்தத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் நான் முதலில் பார்த்தது தரையில் விரித்திருந்த ஒரு தீவை. ஆர்ட் பேப்பரில் அச்சடித்த, ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுப் படம். காற்றில் சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் எவர்சில்வர் டம்ளர்களை வைத்திருந்தார்கள். நடுவில் அடர்ந்த பச்சை, அதைச் சுற்றி வெள்ளை மணல், அதற்கப்பால் இளநீல நீர். மணலிலிருந்து ஒரு மரப்பாலம் கிளம்பி நீருக்குள் வளைந்து போனது. பாலத்தை ஒட்டி, நீரின் மேல், கூரை வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள் தனித்தனியாக நின்றன. படத்தின் ஓரத்தில் அத்தான் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பென்சிலும் அடிக்கோலும் இருந்தன.

"வாங்க மாப்ளே," என்றார் தலையைத் தூக்காமல். "ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் எம்புட்டுத் தூரம்னு எங்கனயும் போடலையே."

அக்கா மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தீபாவளி சீசன் முடிந்ததும் அப்பாவையும் அம்மாவையும் மாலத்தீவுப் பக்கம் ஒரு தீவுக்கு அனுப்புவது என்று அவள்தான் முடிவு செய்தாள். சாதாரண இடம் இல்லை. ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி. அவள் செல்லுக்கு அனுப்பிய படத்தை அத்தான் தெரிந்த ஆப்செட் அச்சகத்தில் கொடுத்துப் பெரிதாக அடித்து வாங்கியிருந்தார். இந்த ஊரில் எதையாவது நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் அதை அச்சடித்துவிடுவார்கள். முன்பதிவு, கேள்வி பதில் எல்லாம் என் பொறுப்பு. நான் விருதுநகரில் இருக்கிறேன். பல வருடம் ஒரு நாளிதழுக்கு மாவட்டச் செய்தியாளராக இருந்து, இப்போது ஓய்வில் இருப்பவன். நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்கிற வேலை எனக்குப் பழகியது.

அத்தான் எம். புதுப்பட்டி சாலையில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆலை என்றதும் வெளியூர்க்காரர்கள் ஒரே பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது ஒரு பொட்டல். அதில் சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை வெடிக்கக் கூடாது. அதற்காக விட்ட தூரம் அது. ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே கதவுகள், வெளிப்பக்கமாகத் திறப்பவை. சுவரில் அறையின் எண்ணும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்பதும், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதும் எழுதியிருக்கும். மருந்து என்றால் வெடிமருந்து. அறையைச் சுற்றிப் புல் பூண்டு முளைக்கக் கூடாது.

அத்தானின் அடிக்கோல் படத்தின் மேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளித் தள்ளி நிற்கும் சிறிய அறைகள், அவற்றை இணைக்கும் ஒரே பாதை, ஒவ்வொரு வாசலிலும் ஓர் எண். அவருக்கு என்ன தெரிகிறது என்று எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அந்தப் படம் எனக்கும் வேறு மாதிரித் தெரியவில்லை.

"ரூமை ஒட்டி மரம் நிக்கி," என்றார் கரையோரத்து வீடுகளைக் காட்டி. "இம்புட்டுப் பச்சையை வெட்டாம வச்சிருக்கான். வெயில் காலத்துல சருகெல்லாம் எங்க விளும்?"

"அதைப் பாக்கத்தான் காசு குடுத்துப் போறாக எல்லாரும்," என்றாள் அக்கா அடுக்களையிலிருந்து. "தம்பி, நீ இங்கன வா. காப்பி ஆறுது."

போனேன். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவுக கேக்குறதுக்கெல்லாம் பதில் வாங்கிக் குடுத்துரு. கோட்டிக்காரத்தனமா இருந்தாலும் வாங்கிக் குடுத்துரு. ஒரு கேள்வி மிச்சம் இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு வரலைன்னுருவாக."

அக்காவுக்கு அந்தத் தீவின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. கடல் பார்க்க வேண்டும் என்றால் திருச்செந்தூருக்குப் போவாள். அவளுக்கு வேண்டியது வேறு. சில வருடங்களுக்கு முன் அத்தான் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அவர் லீவு போட்டது அன்று ஒருநாள்தான். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. ஒன்பதாம் நம்பர் அறை வெடித்துப் போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை. செய்தியை எழுதியது நான்தான். அவர் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது நான் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தேன். வேட்டி சட்டையில் சந்தனத்தோடு வந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு அவர் ஒருநாளும் வெளியூர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ஆலைக்குப் போய் எல்லா அறையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால்தான் சாப்பாடு. தூக்கமும் அத்தோடு போயிற்று. படுப்பார், கண்ணை மூடுவார், பக்கத்தில் அக்கா புரண்டு படுத்தால் "என்ன" என்பார்.

"இவுக இல்லாம அந்த ஆபீஸ் ஆறு நாளு அங்கனயே நிக்கணும்," என்றாள் அக்கா. "திரும்பி வந்து இவுக கண்ணால பாக்கணும். அதுக்கப்புறந்தான் தம்பி இந்த மனுசன் தூங்குவாக. இது மாத்திரைக்கு அடங்காது. நான் குடுத்துப் பாத்துட்டேன்."

முன்பதிவு செய்தது மதுரையில் உள்ள ஒரு பயண ஏஜென்சியில். போனில் பேசிய பெண் பொறுமையானவள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டேன். அவள் முதலில் விடுதியின் சிறப்புகளைச் சொன்னாள். ஒவ்வொரு வில்லாவுக்கும் தனி நீச்சல் குளம். காலை உணவைத் தட்டில் வைத்து அந்தக் குளத்தில் மிதக்க விடுவார்கள். குளியலறைத் தரையில் கண்ணாடி பதித்திருக்கும். குளித்துக்கொண்டே காலுக்கடியில் மீன் பார்க்கலாம். ஒவ்வொரு வில்லாவுக்கும் ஒரு பட்லர் உண்டு.

"பட்லர்னா?" என்றாள் அக்கா.

"உங்களுக்குன்னே ஒருத்தர் மேடம். எப்பவும் கூடவே இருப்பாரு. எது வேணும்னாலும் செய்வாரு."

"எப்பவுமா. நான் சேலை மாத்தணும்னா அவனை எங்கிட்டு அனுப்புறது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அத்தான் சிரிக்கவில்லை. "கதவு எப்படித் தெறக்கும்னு கேளுங்க மாப்ளே."

"ஸ்லைடிங் டோர் சார். ஃபுல் கண்ணாடி. சைடுல தள்ளுறது."

அத்தான் என்னைப் பார்த்தார். "தள்ளுற கதவு பதட்டத்துல தெறக்காது."

"நாம பதட்டப்படவா போறோம்?" என்றாள் அக்கா.

"யாரும் பதட்டப்படணும்னு போறதில்ல." மறுபடி போன் பக்கம் குனிந்தார். "ஒரு வாசலா, ரெண்டா?"

"முன்னாடி ஒண்ணு சார். பின்னாடி கடலுக்கு இறங்குற படி இருக்கு."

"அது எந்நேரமும் தெறந்திருக்குமா?"

இப்படிப் போயிற்று. கூரை என்ன ஓலை. சமையல் எங்கே நடக்கிறது, கேஸ் எங்கே வைத்திருக்கிறார்கள். பக்கத்து அறைக்காரர் சிகரெட் குடிப்பவராக இருந்தால் அவரை எங்கே போய்க் குடிக்கச் சொல்வார்கள். கடல் நடுவில் இடி விழுமே, இடிதாங்கி இருக்கிறதா. இருந்தால் எத்தனை அறைக்கு ஒன்று. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். விடுதிக்கு மெயில் போட்டுக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இதையெல்லாம் இதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல. சார் என்ன பிசினஸ்?"

"பட்டாசு," என்றேன்.

"ஓ," என்றாள்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. இடிதாங்கி இருந்தது. அத்தான் படத்தில் அந்த இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டார். வில்லாவில் அதிகபட்சம் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். "ஆள் கணக்குப் போட்டிருக்கான், பரவாயில்ல," என்றார். கண்ணாடித் தரையும் அவருக்குப் பிடித்துவிட்டது.

"கீழ ஒரு வழி இருக்கு."

"அத்தான், அது மீன் பாக்குறதுக்கு. தெறக்காது."

"தெறக்காட்டா என்ன. கண்ணாடிதான?"

அக்கா கையில் இருந்த கரண்டியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் விடுதியிலிருந்து எண்கள் போட்ட வரைபடம் வந்தது. அதையும் அச்சடித்துப் பெரிய படத்தின் பக்கத்தில் விரித்திருந்தார்கள். நான் போனபோது அத்தான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"பதிமூணு எப்பப் போச்சு?"

குனிந்து பார்த்தேன். பாலத்தின் வலது பக்கத்தில் பன்னிரண்டு, அதற்கடுத்துப் பதினான்கு. நடுவில் எண் இல்லை.

வெள்ளைக்காரர்களுக்குப் பதிமூன்று ஆகாது, அவர்கள் ஊர் ஓட்டல்களில் பதிமூன்றாம் மாடிகூடப் போட மாட்டார்கள், அது ஒரு மூடநம்பிக்கை என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அந்த எண்ணுக்குப் பயந்து போடாம விட்டாகன்னு சொல்றீக."

"ஆமா அத்தான்."

"எதுக்குப் பயந்தாக?"

"சும்மா ஒரு நம்பிக்கை."

"நம்மளும் ஒன்பது போடல. முதலாளியைக் கேட்டா நம்பிக்கைன்னுதான் சொல்லுவாரு."

அது உண்மை. அவருடைய ஆலையில் ஒன்பதாம் நம்பர் அறையை மறுபடி கட்டவில்லை. எங்கள் பக்கம் சில ஆலைகளில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. போன அறையின் எண்ணை இன்னொரு அறைக்குக் கொடுக்க மாட்டார்கள். உரிமத்தில் அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சுவர்களில் எட்டுக்கு அடுத்தது பத்து.

மேலிருந்து எடுத்த படத்தில் அந்த இடத்தைத் தேடினேன். மற்ற வீடுகளுக்கு இடையில் இருப்பதைவிட அங்கே இடைவெளி அதிகம். இரண்டு வீட்டுக்கு நடுவே இன்னொரு வீடு நிற்கிற அளவு. நீரின் நிறமும் அங்கே ஒரு பங்கு கறுத்திருந்தது. படகு போக ஆழம் தோண்டியிருக்கலாம். அல்லது அச்சில் நீல மை கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏஜென்சிப் பெண்ணிடம் கேட்டேன். ஒரு மெயில் போய், ஒரு மெயில் வந்தது. அவள் போனில் படித்தாள்.

"அந்த நம்பர்ல எப்பவுமே வில்லா இருந்ததில்ல சார். அங்க எதுவும் கட்டினதே இல்லையாம். சாமான் கொண்டுவர்ற போட் போறதுக்காக விட்ட கேப். கெஸ்ட்டோட ஆர்வத்துக்கு நன்றின்னு போட்டிருக்காங்க."

நான் திருப்தியோடு அத்தானைப் பார்த்தேன். கேள்வி தீர்ந்தது.

"அப்படித்தான் சொல்லுவாக," என்றார். கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. "நம்ம ஆபீசுக்குப் புதுசா ஒருத்தன் வந்து எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா, நாங்க என்ன சொல்லுவோம்னு நினைக்கீக? மளைத் தண்ணி போறதுக்கு விட்ட எடம்னு சொல்லுவோம்."

"விடுதிக்காரன் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை அத்தான்."

"பொய்யின்னு நான் எங்க சொன்னேன்?"

பத்திரிகை ஆபீசில் இருந்த காலம் முழுக்க, ஒருவர் சொன்னதற்கு எதிராக ஒன்றும் கையில் இல்லை என்றால் அவர் சொன்னதை அப்படியே எழுதினோம். இப்போதும் என் கையில் ஒன்றும் இல்லை. ஒரு கறுத்த நீலம்தான் இருந்தது.

இத்தோடு பயணம் கெட்டது என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. ஏஜென்சியில் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது கரைக்குப் பக்கத்தில் ஐந்தாம் எண். அத்தான் படத்தின் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தாளைச் சுருட்டினார். ரப்பர் வளையம் போட்டு மூலையில் சாத்தினார்.

"பதினாலு கிடைக்குமான்னு கேளுங்க."

"எது?"

"பதினாலாம் நம்பர். அதுன்னா போவோம்."

அக்கா வெளியே வந்தாள். "எதுக்கு அங்கன?"

"போன ரூமுக்குப் பக்கத்து ரூம்லதான் எல்லாரும் சூதானமா இருப்பாக. கண்ணு முன்னாடி கிடக்குல்ல. நம்ம பத்தாம் நம்பர்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளுக்கு விரல் சுட்டது கிடையாது."

"அங்கன ஒண்ணும் போகலன்னு அந்தப் பிள்ளை இப்பத்தான சொல்லுச்சு?"

"போகலன்னா இன்னும் நல்லது."

அக்கா என் பின்னாலேயே வாசல் வரை வந்தாள். "அம்புட்டுத் தூரம் பிளேன் ஏறிப் போயி, அங்கனயும் பத்தாம் நம்பர்லதான் படுக்கணுமா தம்பி?" என்றாள். நான் வண்டியில் சாவியைப் போட்டேன். அவளே சொன்னாள்: "சரி போடு. வர்றேன்னு வாயால சொல்லிட்டாகல்ல."

பதினான்கு கிடைத்தது. அதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை போலிருக்கிறது.

பெட்டிகளைப் புதிதாக வாங்கச் சொன்னேன். விமான நிலையத்தில் பையைத் துணியால் துடைத்து வெடிமருந்து இருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த வீட்டில் உள்ள எந்தப் பையை வைத்தாலும் மெஷின் கத்தும். அக்கா சட்டைகளையும் துண்டுகளையும் மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டாள். கொடியில் காய்ந்த ஒரு சட்டையின் காலர் மடிப்பில் வெயில் பட்டு மினுங்கியது. அலுமினியப் பொடி. திருப்பிப் போட்டு மறுபடி தேய்த்தாள். அத்தானின் காது மடலுக்குப் பின்னாலும் அந்த மினுக்கம் உண்டு. அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நீங்க தினம் காலையில ஆபீசுக்குப் போயி ஒரு சுத்து சுத்திட்டு வந்துரணும் மாப்ளே."

"பூட்டிக் கிடக்கு அத்தான். சீசன் முடிஞ்சு ஆளே இல்லை. மருந்தும் இல்லை."

"பூட்டிக் கிடந்தாலும் சுத்தணும்."

அக்கா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். சரி என்றேன்.

அவர்கள் தீவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் என் முதல் சுற்று. ஆலைக்குப் போனபோது காவல்காரர் வாசலில் கையை நீட்டினார். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதுதான் விதி. கொடுத்துவிட்டு நடந்தேன். முந்தின வாரம் மழை பெய்திருந்தது. வேலை நடக்கிற காலத்தில் புல்லைச் செருக்கி எடுத்துச் சுத்தமாக வைத்திருக்கும் தரையில் இப்போது எங்கு பார்த்தாலும் புல் கிளம்பியிருந்தது. அறைகளின் கதவுகள் தாழிட்டிருந்தன. சுவரில் எண்கள். நடக்க நடக்க மனம் தானாக எண்ணிக்கொண்டு போனது. ஆறு, ஏழு, எட்டு.

அடுத்து ஒரு வெற்றிடம். நீள்சதுரமாக, ஓர் அறை நின்ற அளவு. அதைச் சுற்றிலும் பச்சை. அதற்குள் ஒரு புல்கூட முளைக்கவில்லை. எல்லைக் கோடு போட்டதுபோல் இருந்தது. அத்தனை வெடிமருந்து எரிந்த மண்ணில் எதுவும் வராமல் இருக்கலாம். அத்தனை வருடத்து மழைக்குப் பிறகும் அப்படி இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

தாண்டி நடந்தேன். பின்னால் வந்த காவல்காரர் சொன்னார்: "போர்மேன் அங்கன கொஞ்சம் நின்னுட்டுத்தான் போவாக."

"எதுக்கு?"

"கேட்டதில்ல. தினமும் நிப்பாக. நீங்களும் நின்னுட்டு வாங்க. அவுக இல்லாத நேரத்துல பளக்கத்தை எதுக்கு மாத்தணும்?"

திரும்பிப் போய் நின்றேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பத்தாம் நம்பர் கதவில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. பிறகு வந்துவிட்டேன்.

வெளியே வந்து செல்லை வாங்கியதும் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. மரப்பாலம். இடது ஓரத்தில் பன்னிரண்டாம் வீட்டின் கூரை, வலது ஓரத்தில் பதினான்கின் வாசல். நடுவில் அத்தான் வெள்ளைச் சட்டையில், முதுகைக் காட்டி, நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெறுங்கால். சற்றுத் தள்ளிப் பாலத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார், ஆலையில் அறைக்கு வெளியே கழற்றுவதுபோல. "விடிஞ்சதும் போயி நின்னுட்டாக. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்," என்று கீழே எழுதியிருந்தாள்.

இரண்டாம் நாளும் அதே படம். சட்டை மட்டும் வேறு. சாமான் படகு அந்த வழியாக வருகிறதா என்று கேட்டேன். "படகு மறுபக்கமா வருது. இந்தப் பக்கம் ஒண்ணும் வரக் காணோம்," என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் நான் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். வெற்றிடத்தின் ஓரத்தில் நின்றபோது, மற்ற இடங்களில் இருக்கிற பூச்சிச் சத்தம் அங்கே இல்லை என்பதைக் கவனித்தேன். எங்கிருந்து சத்தம் நிற்கிறது என்று பார்க்க இரண்டடி பின்னால் போனேன், முன்னால் வந்தேன். காவல்காரர் எனக்கு டீ கொண்டுவந்து பின்னால் நின்றிருக்கிறார். திரும்பி வாங்கிக் குடித்தபோது டீ ஆறிப் போயிருந்தது.

அன்று வந்த படத்தில் அத்தான் இல்லை. இரண்டு வீட்டு ஓரங்களும் நடுவில் கறுத்த நீரும் மட்டும் இருந்தன. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அத்தான் எங்கக்கா?"

"தூங்குறாக," என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "அவுக எந்திரிக்கலயேன்னு நான் மட்டும் போயிப் பாத்தேன். அப்படியே ஒரு படம் எடுத்தேன். பட்லர் பையன் சாப்பாட்டுத் தட்டைத் தண்ணியில மெதக்க விட்டுட்டு ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டான். தட்டு அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுக் கெடக்கு. எளுப்பவே மனசு வரல தம்பி."

"கதவு?"

"நல்லாத் தெறந்துதான் வச்சிருக்கு. ரெண்டு பக்கமும்."

மிச்ச நாட்களும் அப்படியே போயின. அவர் தூங்கினார். அக்கா படம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். நான் காலையில் ஆலையைச் சுற்றினேன், எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் நின்றேன், வெளியே வந்து செல்லை வாங்கினேன். வீட்டில் என் மனைவி, "ராத்திரி கண்ணைத் தெறந்துக்கிட்டே படுத்திருக்கீக," என்றாள். வண்டியில் போய் வருகிற அலைச்சல் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் மதுரையில் வந்து இறங்கினார்கள். நேரே ஆலைக்குக் காரை விடச் சொன்னார் அத்தான். வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தார். எல்லா அறைகளும் இருந்தன. முகம் வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தது. "ரொம்ப நன்றி மாப்ளே," என்றார். அதற்கு முன் அவர் எனக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை. உள்ளே போகவில்லை. அக்கா காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மறுநாள் நான் போக வேண்டிய வேலை இல்லை. ஆனைக்குட்டத்துக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டிய பிறகுதான் ஆலைக்கு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. திரும்பியிருக்கலாம். காவல்காரர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். செல்லுக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

வெளியே வந்தபோது அக்காவின் அழைப்பு இரண்டு முறை வந்து நின்றிருந்தது. கூப்பிட்டேன்.

"எங்க இருக்க?" என்றாள்.

"வெளிய."

"அவுக இன்னும் எந்திரிக்கல தம்பி. இன்னைக்கு ஆபீசைத் தெறந்து புல்லுச் செருக்குற ஆளு வருதுன்னாக. எளுப்பவா, விட்டுறவா?"

விட்டுவிடு என்றேன்.

அத்தான் ஒன்பதரைக்கு எழுந்தார். குளித்தார், நாலு இட்லி சாப்பிட்டார். அன்று அவர் ஆபீசுக்குப் போகவில்லை.